காணாமற்போன ஓட்டவீரர்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம்மவர் பழமொழி. ஒருவர் நம் கண்ணெதிரே நடமாடும்வரை அவரைப் பற்றிய பேச்சுக்கு ஓரளவாயினும் எல்லை உண்டு. அவர் சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிடின் அவ்வெல்லையும் அகன்றுவிடுகின்றது. எங்கே போனார், ஏன் போனார் என்னும் வினாக்களுக்கு, "அறியோம்" என்று விடைகூறி அமைவோர் மிகச் சிலரே. ஏனையோர் தத்தம் மனப்பாங்கிற்கேற்ப ஒரு கதையைக் கட்டி அவ்வெற்றிடத்தை நிரப்பிவிடுவர். இவ்வாறு எழுந்த கதையொன்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரு நாட்டில் உலாவிய வரலாற்றைப் பழைய மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். அவ்வரலாற்றின் நாயகர் ஓர் ஆசிரிய கலாசாலையின் மாணவர். ஆதலின் கல்லூரி மலரொன்றில் அவருக்கு இடமளிப்பது பொருந்தும் என எண்ணுகின்றோம்.

ஷிசோ கனகுரி என்பது அவர் பெயர். யப்பானின் தென்பாலுள்ள கியூஷு தீவில், குமமோத்தோ மாகாணத்துக் கிராமம் ஒன்றில் 1891ஆம் ஆண்டு பிறந்தவர். ரோக்கியோ உயர்தர ஆசிரிய கலாசாலையில் அவர் பயின்ற காலத்தில் அதன் அதிபராக விளங்கியவர் ஜிகோரோ கனோ. யூடோ என்னும் மற்போர்க் கலையை வகுத்தவரும், அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் ஆசியாவிலிருந்து முதன்முதல் அங்கம் வகித்தவரும் அப்பெரியாரே. 1911 நவம்பரில் நடைபெற்ற தேர்வோட்டத்தில் கனகுரி ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தை 2 மணி 32 நிமிடம் 45 செக்கனில் ஓடி முடித்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். அதன் பயனாக, அடுத்த ஆண்டு சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவுக்குக் குறுந்தூர ஓட்டவீரர் யஹிகோ மிஷிமாவுடன் அவரும் தெரிவுசெய்யப்பட்டார். யப்பான் ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டது அதுவே முதன்முறை. சென்ற வீரர் அவ்விருவரே. கனகுரியின் வழிச்செலவுக்குக் கலாசாலைத் தோழர்கள் தமக்குள் பணம் திரட்டி உதவினர். இதனை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் அவர் உற்ற நாணத்தின் அளவை இது நன்கு விளக்கும்.

கப்பலிலும் சைபீரியப் புகையிரதத்திலுமாக இரு வாரங்களுக்கு மேற்பட்ட பயணத்தின் பின் அவர்கள் சுவீடன் சேர்ந்தனர். வடபுலத்துக் கோடையில் இரவிலும் வானம் முற்றாக இருள்வதில்லை. நெடும்பயணக் களைப்பு, பழகாத உணவு, துயில் குறைந்த இரவுகள் ஆகிய இவற்றோடு உடன்சென்ற பயிற்றுநரின் நோயும் சேர்ந்துகொண்டது. இந்நிலையில் 1912 யூலை 14ஆம் நாள் வந்தது. அன்றைய வெப்பம் ஏறக்குறைய 32 பாகை செல்சியசு. நம் சித்திரை வெயிலை அறிந்தோருக்கு இவ்வெண் பெரிதாகத் தோன்றாது. ஆயின் நண்பகல் கடந்த வேளையிலே தொடங்கி 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவோருக்கு அது நெருப்பாற்றை நீந்துவதற்கு ஒப்பானது. ஓடத் தொடங்கிய 68 பேரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் முடிவிடத்தை எட்டவில்லை. தென்னாபிரிக்காவைச் சேர்ந்த கென் மக்ஆதர் முதலாவதாக வந்தார்.

பெருவிரலுக்கெனத் தனி அறை வைத்துத் தைக்கப்பட்ட, "தாபி" என்னும் யப்பானியத் துணிப் பாதணியை அணிந்தே கனகுரி ஓடினார். ஓட்டத்தின் நடுவே நீர் அருந்துதல் தீது என்ற நம்பிக்கை அக்காலத்துப் பலரிடம் இருந்தது. ஏறக்குறைய 27 கிலோமீற்றர் கடந்தபோது, நகருக்கு வடக்கேயுள்ள சொலெந்துனாப் பகுதியில் அவர் நிலைகுலைந்தார். வெப்பத் தாக்கு என்று இன்றைய மருத்துவர் இதனை எளிதில் இனங்காண்பர். வீதியோர இல்லம் ஒன்றின் தோட்டத்தில் விருந்தயர்ந்துகொண்டிருந்த குடும்பத்தினர் அவரை உள்ளே அழைத்துப் பழரசம் அளித்து இளைப்பாறச் செய்தனர். தெளிவு பெற்றபின் அவர் புகையிரதமேறி நகருக்கு மீண்டார். ஓட்டத்தை விட்டு நீங்கியமையை அதிகாரிகளிடம் அவர் தெரிவிக்கவில்லை. சில நாள்களில் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டுவிட்டார். நிகழ்ந்தது இவ்வளவே.

ஆயின் சுவீடனில் இருந்தோருக்கு இது தெரியாது. தொடங்கியோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. முடித்தோர் பட்டியலில் இல்லை. விலகியதாக அறிவித்தோருள்ளும் அவர் இல்லை. அதே ஓட்டத்தில் மயங்கி வீழ்ந்த போர்த்துக்கல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ மறுநாட் காலையில் உயிர்நீத்தார். நவீன ஒலிம்பிக் விழாவில் போட்டியின் விளைவாக நிகழ்ந்த முதல் மரணம் அதுவே. ஒருவர் மாண்டுபோக மற்றொருவர் மாயமாய்ப் போனார் எனின், மக்கள் மனம் சும்மா இருக்குமா? யப்பானியர் எங்கே என்னும் வினா ஆண்டுதோறும் வளர்ந்தது. முடிவிடத்தைத் தேடி அவர் இன்னும் நாட்டுப்புற வீதிகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றார் என்பது அந்நாட்டாரின் நிலையான வேடிக்கைப் பேச்சாயிற்று. காலம் செல்லச் செல்லக் காணாமற்போன யப்பானியர் ஒரு நாடோடிக் கதையின் பாத்திரமாகவே மாறிவிட்டார்.

இதனைப் படித்தபோது எமது கல்லூரிக் காலத்து நிகழ்ச்சியொன்று எம் நினைவுக்கு வந்தது. இல்ல மெய்வல்லுநர்ப் போட்டியின் தொடக்கமாக மரதன் ஓட்டம் வைப்பது அந்நாளைய வழக்கம். ஓர் ஆண்டு விடுதி மாணவன் ஒருவன் ஓட்டத்திலிருந்து திரும்பவில்லை. மாலைப் பிரார்த்தனைக்கு மணி அடிக்குமுன் அவனைப் பற்றிய கதைகள் விடுதி முழுவதும் பரவிவிட்டன. தோட்டக் கிணற்றில் வீழ்ந்தான் என்றார் ஒருவர். பாம்பு தீண்டிற்று என்றார் இன்னொருவர். கொழும்புக்குப் புகையிரதமேறியதைத் தம் கண்ணாற் கண்டதாகச் சத்தியஞ் செய்தோரும் உளர். உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் எதுவும் பேசாமல் தமது சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஓடிய வழியே திரும்பிச் சென்று, வேலிக்கு வேலி நின்று விசாரித்தார். நான்கு மைலுக்கப்பால் ஒரு பனையோலை வீட்டுத் திண்ணையில், வீங்கிய காலோடு அவன் படுத்திருந்தான். அவ்வீட்டு ஆச்சி மோர் கொடுத்து, காலுக்கு ஒத்தடமும் இட்டிருந்தார். இல்லத்துக்குப் புள்ளி கிடைக்காமற் போயிற்றே, எந்த முகத்தோடு திரும்புவேன் என்பதே அவன் கவலை. "தம்பி, இருட்டிவிட்டது, ஏறு" என்று மட்டுஞ் சொல்லி ஆசிரியர் அவனைச் சைக்கிளில் ஏற்றி வந்தார். மறுநாள் அதுபற்றி எவரும் அவனைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்று ஆசிரியர் முன்னரே சொல்லிவைத்திருந்தார். கதை சொல்வதற்கு அன்று விடுதி முழுவதும் இருந்தது. தேடிச் செல்வதற்கு ஒருவர் இருந்தார்.

கனகுரியைத் தேடி அவ்வாறு வேலிக்கு வேலி விசாரித்தவர் நெடுங்காலம் எவருமிலர். தேடியிருப்பின் அவரைக் காண்பது அரிதாக இருந்திராது. 1916இல் பேர்லினில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழா முதல் உலகப்போரால் நின்றுபோயிற்று. 1920இல் அன்ற்வேர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் அவர் பதினாறாம் இடத்தைப் பெற்றார். 1924இல் பாரிஸ் நகரிலும் ஓடத் தொடங்கி, இடையில் விலகினார். எனவே காணாமற்போனவர் என்று கருதப்பட்டவர், ஐரோப்பாவிலேயே இருமுறை, பல்லாயிரவர் காணத் தம் நாட்டின் சார்பில் ஒலிம்பிக் தொடக்கக் கோட்டில் நின்றிருக்கின்றார். அவர் பெயர் அவ்விழாக்களின் பட்டியல்களில் அச்சாகியும் உள்ளது.

தாய்நாட்டில் அவர் ஆற்றிய பணியோ மிகப் பெரிது. 1920 பெப்ரவரியில், ரோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைப்பகுதிக்குச் சென்று மீளும் மாணவர் அஞ்சலோட்டம் அவருடைய முயற்சியால் ஆரம்பமாயிற்று. முதலாவது போட்டியிற் பங்குபற்றிய கலாநிலையங்கள் நான்கு. வெற்றி பெற்றது அவர் பயின்ற ஆசிரிய கலாசாலை. இன்று ஒவ்வோர் ஆண்டும் சனவரி 2ஆம், 3ஆம் நாள்களில், ஏறக்குறைய 217 கிலோமீற்றர் தூரத்தை ஒவ்வோர் அணியிலும் பதின்மர் பகிர்ந்து ஓடுகின்றனர். யப்பான் நாடே அதனைக் கண்டுகளிக்கின்றது. மிகச் சிறந்த ஓட்டத்துக்கு வழங்கப்படும் கிண்ணம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஆசிரியராகப் பணியாற்றிய அவர் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சியையும் ஊக்குவித்தார். யப்பானிய மரதனின் தந்தை என்று அவரை அந்நாட்டார் போற்றுவர். ஒரு நாட்டில் யாவரும் அறிந்த பெரியார், மற்றொரு நாட்டில் காட்டுவழியே ஓடித்திரியும் கதைமாந்தராய் இருந்தார் என்பது வியப்பன்றோ?

இதற்குக் காரணம் யாது? தூரமும் மொழியும் ஓரளவு காரணமாகலாம். கதையின் இனிமை அவற்றினும் வலிய காரணம் என்பது எம் கருத்து. ஒரு கடிதம் எழுதி விசாரித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். உண்மை வெளிப்பட்டால் அதன்பின் பேசுவதற்கு ஒன்றும் இராது. கனகுரியின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. தோழர் திரட்டித் தந்த பணத்திற் சென்று, நாட்டின் பெயரை நிலைநாட்ட இயலாது திரும்பிய இருபது வயது இளைஞரின் நாணம் அது. தம் நாட்குறிப்பில் அத்தோல்வியைப் பெருந்துயராகப் பதிந்து, அவ்விழுக்கைத் துடைப்பதற்கு அவர் உறுதிபூண்டார். வேற்று நாட்டு அதிகாரியின் முன் நின்று, "என்னால் இயலவில்லை" என்று சொல்லும் துணிவு மட்டும் அன்று அவருக்கு வரவில்லை. ஓட்டத்தில் இளைத்தவர் பெரும்பாலும் ஓசையின்றியே விலகுகின்றனர். அவ்வோசையின்மையை நாம் மர்மம் என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

காணாமற்போனோர் என்னும் சொல்லை நம் நாட்டில் எவரும் இலேசாக எழுத இயலாது. தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த அன்னையரை நினையாது இச்சொல்லை உச்சரிப்பது எங்ஙனம்? ஓட்டவீரரின் கதையை அவர்தம் துயரோடு ஒப்பிட நாம் துணியோம். ஆயினும் ஒன்று சொல்லலாம். எங்கோ ஒரு நாட்டில் நலமாக இருப்பான் என்று அயலார் ஆறுதலாகக் கூறும் ஊகமும் அவ்வன்னையருக்குச் சுமையே. அவர்கள் வேண்டுவது விடை. கனகுரி உயிரோடு இருந்தமையால் அவரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு இன்று நமக்கு இனிக்கின்றது. அதனைப் பேசி மகிழ்ந்த சுவீடிய மக்களுக்கோ அவர் உயிரோடு இருக்கின்றார் என்பது அன்று தெரியாது. லாசரோவைப் போல அவரும் அன்றே மாண்டிருப்பின், அந்நகைப்பு எத்துணைக் கொடிதாகியிருக்கும்!

நல்வாய்ப்பாக இவ்வரலாறு இனிதே முடிந்தது. 1960களின் தொடக்கத்தில் அவர் யப்பானில் ஓய்வுபெற்ற ஆசிரியராக வாழ்வது சுவீடியருக்குத் தெரியவந்தது. ஸ்ரொக்ஹோம் விழாவின் 55ஆம் ஆண்டு நினைவையொட்டி, 1967 மார்ச்சில், விட்ட ஓட்டத்தை முடிக்குமாறு அந்நாட்டு ஒலிம்பிக் குழுவினர் அவரை அழைத்தனர். 75 வயதுக் கிழவராகிய கனகுரி, மேலங்கி அணிந்தபடியே, அதே விளையாட்டரங்கில் மெல்ல ஓடி முடிவுக் கோட்டைக் கடந்தார். அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 செக்கன் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஓட்டம் சற்று நீண்டுவிட்டது என்றும், இடையில் தாம் மணம் முடித்து மக்களும் பேரரும் கண்டதாகவும் அவர் நகைச்சுவையாகக் கூறினார். அதன்பின் 16 ஆண்டுகள் வாழ்ந்து, 1983இல் தமது 92ஆம் வயதிற் காலமானார்.

அவரை வரவேற்றோர் ஏன் சொல்லாமற் போனீர் என்று அவரை நிறுத்தி விசாரணை செய்யவில்லை. வந்தவரை ஓடவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, கைதட்டினர். எமக்கு இவ்வரலாற்றில் மிகவும் உவப்பான பகுதி இதுவே.

இப்பொன்னாளில் சங்கத்தார் பழைய மாணவர் பெயரேட்டைப் புதுக்குகின்றனர். நம்மோடு ஒரே வாங்கில் இருந்தோர் இன்று கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்தம் முகவரிகள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. சில பெயர்களுக்கு எதிரே மட்டும் இடம் வெறுமையாக உள்ளது. அப்பெயர்களைக் கண்டவுடன் நம்முள் எவருக்கும் ஒரு கதை நினைவுக்கு வரும். கடன்பட்டு ஊரைவிட்டுப் போனான் என்போம். துறவு பூண்டான் என்போம். அக்கதையை அடுத்தவருக்குச் சொல்லுமுன், அவருடைய தமையனாரோ மைத்துனரோ இன்னும் ஊரில் இருக்கின்றாரா என்று ஒருமுறை விசாரித்துப் பார்ப்போமாக. கிடைத்த முகவரியைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் நன்று. அதனினும் நன்று, நாமே அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது. விழாவுக்கு வருமாறு அழைத்தாற் போதும். இத்தனை ஆண்டு எங்கே இருந்தீர் என்று அதிற் கேட்கவேண்டியதில்லை.