வெறுமையான எண்ணெய் வண்டிகள்

தியானப் பகுதி: யாக்கோபு 2:14-17



இவ்வாரம் பிறரைக் குறித்து அல்ல, என்னைக் குறித்தே ஒரு காரியத்தை உங்களுக்கு முன்பாக அறிக்கையிட விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட பொம்மை ரயில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அத்தனையும் எண்ணெய் டேங்கர்கள். ஊழியத்திற்காக இங்கிலாந்துக்கு வந்த ஆரம்ப நாட்களில், ஓர் ஆலய மண்டபத்தில் நடந்த பழம்பொருள் விற்பனையில் இரண்டு பவுண்டுக்கு வாங்கிய வண்டியே இதற்குத் தொடக்கம். 'ராயல் டேலைட்' என்று அதன்மேல் எழுதியிருந்தது. அது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயின் வணிகப் பெயர் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

லிவர்பூலில் மெக்கானோ விளையாட்டுப் பொருளை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920இல் பொம்மை ரயில்களை வெளியிடத் தொடங்கிற்று. 1938இல் 'ஹார்ன்பி டப்லோ' என்னும் சிறிய வகை வந்தது. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர் மட்டுமே. அக்காலத்துப் பிரிட்டனில் எண்ணெய் டேங்கர்கள் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்களுக்கே சொந்தமாயிருந்தன. ஆகையால் ஷெல், எஸ்ஸோ போன்ற பெயர்கள் அவற்றின்மேல் பெரிய எழுத்துகளில் தீட்டப்பட்டிருந்தன. பொம்மைகளும் அவ்வண்ணமே செய்யப்பட்டன.

1939இல் போர் மூண்டபோது இந்தப் பெயர்களெல்லாம் மறைந்தன. எல்லா நிறுவனங்களின் பெட்ரோலும் ஒன்றாக்கப்பட்டு, 'பூல்' என்னும் ஒரே பெயரில் விற்கப்பட்டது. 1953இல்தான் பழைய பெயர்கள் திரும்பி வந்தன. 'பூல்' என்று எழுதப்பட்ட சாம்பல் நிற டப்லோ வண்டி அரிதாகவே கிடைக்கும். அதைப் பல ஆண்டுகள் தேடினேன்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் அது ஓர் ஏலத்திற்கு வருவதை அறிந்தேன். அதே வாரத்தில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயாரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். முன்பணம் போட்டால்தான் ஓடும் கேஸ் மீட்டர் அவர்களுடையது. அந்த அம்மா வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டு அணிந்து அமர்ந்திருந்தார்கள். எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். உதவி எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்டறியவில்லை. கர்த்தர் தேவைகளைச் சந்திப்பார் என்று உருக்கமாக ஜெபித்துவிட்டுப் புறப்பட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த வண்டியை ஏலத்தில் எடுத்தேன். விலையை என் மனைவியிடமும் சொல்லவில்லை.

பொதி வந்த மாலையில் வண்டியைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் அந்த டேங்கரில் ஒரு துளி எண்ணெயும் இல்லை, என்றுமே இருந்ததில்லை. அப்பொழுது கம்பளிக் கோட்டு அணிந்திருந்த அந்த அம்மாவின் முகம் என் கண்முன் வந்தது. குளிரில் இருப்பவரிடம், 'சமாதானத்தோடே போய்க் குளிர்காயுங்கள்' என்னும் பொருளில் வெறும் வார்த்தை பேசி அனுப்புகிறவனைக் குறித்து யாக்கோபு எழுதுவதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த மனிதன் நானே என்று ஆவியானவர் உணர்த்தினார். தேசமே தன் தேவைக்காகப் பொதுவில் பகிர்ந்துகொண்டதன் பெயரை நான் எனக்கென்று பூட்டி வைக்கப் பார்த்தேன்.

அன்றிரவு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "நாளைக்கு முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னாள். மீட்டருக்கான பணத்தோடு போய், தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவோ, "நீங்கள் வந்து ஜெபித்ததே எனக்குப் பெரிய ஆறுதல், பாஸ்டர்" என்றார்கள். கடிந்துகொண்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்த வண்டியை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றேன். அந்தப் பணம் குளிர்கால உதவிக்கென்று சபையில் தனியே வைக்கப்பட்டது.

பொருட்களைச் சேகரிப்பது பாவமென்று நான் சொல்ல வரவில்லை. அலமாரி இன்னும் இருக்கிறது. ராயல் டேலைட் வண்டியை என் பேரன் தரையில் ஓட்டி விளையாடுகிறான். விளையாடத்தானே அது செய்யப்பட்டது! ஆனால் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வரும் விதவையை நினைத்துப் பாருங்கள். அவள் அயலாரிடம் வெறும் பாத்திரங்களை வாங்கினாள். அவை வார்ப்பதற்காக வாங்கப்பட்டவை, ஆகையால் நிரம்பின. என் பாத்திரங்களோ அலங்காரப் பெயர்களோடு அழகாக நின்றன. பார்ப்பதற்காக மட்டுமே வாங்கப்பட்டதால் வெறுமையாகவே இருந்தன. கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்திருக்கும் நமக்குள்ளே பிறருக்கு வார்க்கத்தக்க எண்ணெய் இருக்கிறதா?

இவ்வாரம், "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று நாம் யாரிடமாவது சொல்லும்போது, ஒரு நிமிடம் நின்று, "உங்களுக்கு என்ன தேவை?" என்றும் கேட்போமாக.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வார்த்தைகள் வெறும் பாத்திரங்களாய் நின்றுவிடாதபடி எங்கள் கைகளையும் திறந்தருளும். ஆமென்.