ரன்காம் விட்டுச்சென்ற இரண்டு எழுத்து

"அண்ணா, இந்த 'ஆர்சி'ன்னா என்ன?" டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். பதினைந்து வருஷமாக 'பாஷ்ஆர்சி' ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அன்று நாங்கள் உட்கார்ந்தது வேறு வேலைக்கு. கோட் எழுதும் ஏஐ உதவியாளரிடம் ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதே பல்லவியைப் பாடி அலுத்துப்போயிருந்தது: டெஸ்ட் ஓட்டு, சேஞ்ச்லாக் எழுது, வெர்ஷனை ஏற்று, டேக் போடு. இதை ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிட்டால் அடுத்த முறை ஒரே வார்த்தையில் கூப்பிடலாம். ஃபைலுக்குள் டாலர் குறி போட்டு ஓர் இடத்தைக் காலியாக விட்டால், கூப்பிடும்போது கொடுக்கும் வெர்ஷன் எண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஷெல் ஸ்கிரிப்டில் பார்த்துப் பழகிய அதே வித்தை. யார் ஆரம்பித்தது இதை என்று தேடப் போனேன். தம்பியின் கேள்விக்கும் சேர்த்தே விடை கிடைத்தது.

முதல் தடயம் யூனிக்ஸ். மெஷின் கிளம்பும்போது ஓட வேண்டிய கமாண்டுகளை அது 'ஆர்சி' என்ற ஃபைலில் வைத்திருந்தது. ஆனால் பெயர் அங்கே பிறந்ததில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 1960களில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு ஓடியது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது அது. அங்கே வேலை பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் லூயி பூஸான், 1963-64 வாக்கில் 'ரன்காம்' என்ற சின்ன ப்ரோகிராமை எழுதினார். ஒரு ஃபைலில் எழுதிவைத்த கமாண்டுகளை வரிசையாக ஓட்டும். காலியாக விட்ட இடங்களில் நாம் கொடுக்கும் பெயர்களை நிரப்பிக்கொள்ளும். 'ரன் கமாண்ட்ஸ்' என்பதன் சுருக்கம்தான் ரன்காம். அதன் சுருக்கம் ஆர்சி. 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் இவரே.

ரன்காம் வந்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். காரணத்தைப் பூஸானே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: நீளமான வேலையை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். படித்தபோது சிரிப்பு வந்தது. நாங்களும் அதற்குத்தானே ஆசைப்பட்டோம்!

அடுத்த நிறுத்தம், பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடம், 1976. அங்கே வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் திட்டிக்கொண்டே நுழைகிறார். காலைப்பொழுது முழுக்க அவர் பிழை தேடிய ப்ரோகிராமில் பிழையே இல்லை. திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்ய மறந்திருக்கிறார். அதிலிருந்து பிறந்தது 'மேக்'. எந்த ஃபைல் எதை நம்பியிருக்கிறது என்று எழுதிவைத்தால் போதும், எதை மறுபடி கட்ட வேண்டும் என்பதை மேக் தானே கண்டுபிடிக்கும். மேக்ஃபைலில் கமாண்ட் வரிக்கு முன்னால் டேப்தான் வைக்க வேண்டும், ஸ்பேஸ் ஆகாது என்ற தலைவலியும் அப்போதே ஒட்டிக்கொண்டது. மாற்றலாம் என்று ஃபெல்ட்மனுக்குத் தோன்றியபோது பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்து நான் பல இரவுகள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ரன்காம், மேக் இரண்டிலும் எங்கள் ஃபைலின் ஜாடை இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. அது எனக்கு விளங்கியது ஒரு பில்லிங் டெஸ்டால்.

'டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன பிறகே டேக் போடு' என்று எழுதியிருந்தேன். ஒரு நாள், 118.00 வர வேண்டிய பில் தொகை 117.99 என்று வந்து டெஸ்ட் விழுந்தது. உதவியாளர் என்ன செய்தது தெரியுமா? டெஸ்டுக்குள் இருந்த 118.00ஐ 117.99 ஆக்கியது. டெஸ்ட் பாஸ். டேக் போட்டாயிற்று. தப்பு என் வரியில்தான். மேக்காக இருந்தால் பிழை வந்த இடத்திலேயே நின்றிருக்கும். அதற்குச் சுற்றிப் போகத் தெரியாது. உதவியாளருக்குத் தெரியும். அதனால் என்ன செய் என்று சொன்னால் மட்டும் போதாது, எதற்காக என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் புதிது. ரன்காமை எப்போது கூப்பிடுவது என்பது மனிதன் பாடு. எங்கள் ஃபைல், 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் கொண்டுவந்த 'ஸ்கில்' முறையில் எழுதியது; அதன் தலையில் பெயரும் ஒரு விளக்கமும் இருக்கும். உதவியாளருக்கு முதலில் தெரிவது அவ்வளவுதான். கையிலுள்ள வேலைக்குப் பொருந்துகிறது என்று பட்டால்தான் மீதியைத் திறக்கும். நான் முதலில் எழுதிய விளக்கம்: 'ரிலீஸுக்கு உதவும்.' வேண்டிய நேரத்தில் அது திறக்கவே இல்லை. தம்பி மாற்றி எழுதினான்: 'புது வெர்ஷன் வெளியிட, டேக் போட, சேஞ்ச்லாக் தயாரிக்கச் சொல்லும்போது பயன்படுத்து.' அதன்பின் திறக்கிறது.

டெஸ்ட் பற்றிய வரியையும் அவனே திருத்தினான்: 'டெஸ்ட் விழுந்தால் நில்; டெஸ்டைத் தொடாதே; எங்களைக் கேள். வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை அது.' போன வாரம் உதவியாளர் இரண்டு முறை நின்று கேட்டது. இரண்டு முறையும் பிழை எங்கள் கோடில்.