வேறொருவர் எண்ணில் ஓடவைத்தேன்

குற்றம் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் ஓட்டக் குழுவை நான்தான் நடத்தினேன். புதிதாக வருபவர்களுக்கு முறையாகவே சொல்லிக்கொடுத்தேன். முதல் வாரம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை. வாரத்துக்கு மூன்று நாள். பேசிக்கொண்டே ஓட முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். ‘கவுச் டு 5கே’ என்ற 9 வாரப் பயிற்சி அது. இத்தனையும் தெரிந்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை.

பக்கத்து பிளாக்கைச் சேர்ந்த ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். அந்தத் தூரத்துக்குத்தான் பழகியும் இருந்தார். முந்தின நாள், 10 கி.மீ. ஓட வேண்டிய எங்கள் ஆள் ஒருவருக்குக் காய்ச்சல். அந்தப் பிரிவில் எங்கள் குழுவுக்குத் தலை குறையக் கூடாது என்று எனக்கு வீம்பு. காய்ச்சல்காரரின் பிப்பை, அதாவது ஓட்ட எண் அட்டையை, இவர் பனியனில் நானே ஊக்கு மாட்டிக் குத்தினேன். பிப்பைக் கைமாற்றக் கூடாது என்பது விதி. அதன் பின்பக்கத்தில் பெயரும் இரத்த வகையும் அவசர எண்ணும் எழுதியிருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் குத்தினேன்.

ஓட்டம் நடந்த காமராஜர் சாலையில் அன்று ஒரே புழுக்கம். அப்படிப்பட்ட காலையில் வியர்வை கொட்டும், ஆனால் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பாதி தூரம் தாண்டியதும் அவர் நடக்கத் தொடங்கினார். கால் தள்ளாடியது. என்ன ஆச்சு என்று கேட்டேன். சற்றுக் கழித்துத்தான் பதில் வந்தது. “நீங்க போங்க சார், வந்துடறேன்.” நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் நேரம் நன்றாக இருந்தது. போய்விட்டேன்.

அவர் மயங்கி விழுந்தார். மருத்துவக் குழு பிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தது. ஊரில் ஒரு தாய், தன் மகன் விழுந்துவிட்டான் என்று கதறினார். விழுந்தவரின் மனைவியோ குழந்தையோடு முடிவுக்கோட்டில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. கணவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்று டாக்டரிடம் சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை.

அவர் பிழைத்தார். மறுபடி ஓட வரவில்லை. தன் உடம்பு தெரியாமல் ஓடிவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஓடிப்போனதைவிட அந்த மௌனம் கேவலமானது.

2004-இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கிய பார்க்ரன் ஓட்டங்களில், எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. யாரையும் விட்டுவிட்டு வராமல் இருப்பதே அவர் வேலை. அன்று என் இடம் அதுதான்.

புதிதாக ஓட வருபவர்களே, உங்கள் பெயரிலுள்ள பிப்பை மட்டும் அணியுங்கள். பழகிய தூரத்தையே ஓடுங்கள். என்னைப் போன்ற ஒருவர் வற்புறுத்தினால், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.