தூண்டிலும் செயற்கைக்கோளும்

மினிக்கோய் தீவில் சூரை பிடிக்கும் படகுகளில் எஞ்சின் வந்துவிட்டது, ஜிபிஎஸ் வந்துவிட்டது. ஆனால் விரல் நீள மீன் கிடைக்காத நாளில் இவை எதற்கும் வேலையில்லை.

சூரை பிடிக்கக் கிளம்பும் மினிக்கோய்ப் படகு நேராகக் கடலுக்குப் போவதில்லை. விடியும் வேளையில் அது முதலில் போவது லகூனுக்கு. பவளப் பாறைகள் அரணாக வளைத்து நிற்க, உள்ளே ஆழமில்லாமல் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும் அமைதியான நீர்ப்பரப்பு அது. நான்கு மூலைகளையும் கழிகளில் கட்டிய சதுர வலையை நீருக்குள் இறக்குகிறார்கள். அரைத்த மீன் சதையைத் தூவுகிறார்கள். ஓரிருவர் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, வலைக்கு மேலே மீன் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். கூடியதும் வலை மேலே வருகிறது. துள்ளும் வெள்ளிப் பொடிகளாகச் சின்னஞ்சிறு மீன்கள். அவற்றைக் காயப்படாமல் அள்ளிப் படகின் நடுவே உள்ள தொட்டியில் விடுகிறார்கள். அவை சூரைக்கான இரை. உயிரோடு இருந்தால்தான் இரை. செத்த மீனை நல்ல சூரைக்கூட்டம் திரும்பியும் பார்க்காது.

லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மினிக்கோய். பரப்பளவு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 10,400. மற்ற லட்சத்தீவுகளில் மலையாளம் பேச, இங்கே மட்டும் பேச்சு மஹல். மாலத்தீவின் திவேஹி மொழிக்கு உடன்பிறப்பு. தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் ஓர் இரவைக் கழித்து வருகிறவர்களுக்கு முதலில் தென்படுவது 1885ல் ஆங்கிலேயர் கட்டிய வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் நின்றால் தீவு முழுவதும் பிறை வடிவத்தில் கண்ணுக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் லகூன், மறுபக்கம் ஆழ்கடல். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் தீவின் பிழைப்பு.

மினிக்கோய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஏறியவர்கள். உலகின் பல துறைமுகங்களில் சரக்குக் கப்பல் மாலுமிகளாக அவர்களைப் பார்க்கலாம். ஊரில் தங்குகிறவர்களுக்குச் சூரை. செப்டம்பர், அக்டோபரில் கடல் தணிந்ததும் தொடங்கும் மீன்பிடிப்பு ஏப்ரல், மே வரை நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை வந்தால் படகுகள் கரையேறிவிடும்.

பிடிக்கும் முறை பார்க்கப் பார்க்க அலுக்காதது. சூரைக்கூட்டம் தெரிந்ததும் தொட்டியிலிருந்து இரை மீனைக் கை கையாக அள்ளி வீசுகிறார் ஒருவர். பின்பக்க மேடையில் கழிகளோடு மற்றவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கடல் மேல் தண்ணீர் வாரி இறைக்கப்படுகிறது. அந்தச் சலசலப்பில், இரை மீன் கூட்டம் கூட்டமாகத் துள்ளுவதாக நினைத்துச் சூரை வெறியோடு பாய்ந்து வருகிறது. 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள மூங்கில் கழி, ஏறக்குறைய அதே நீளத்துக்கு நைலான் நரம்பு, நுனியில் பளபளக்கும் ஒரு தூண்டில் முள். முள்ளில் இரை கிடையாது. மின்னும் முள்ளையே மீன் என்று எண்ணிக் கவ்வுகிறது சூரை. கழி வளைகிறது, மீன் ஆகாயத்தில் வளைந்து பறந்து பிடிப்பவரின் பின்னால் தளத்தில் விழுகிறது. முள்ளின் நுனியில் பின்னோக்கிய கூர் இல்லாததால் நரம்பு தளர்ந்ததும் மீன் தானே கழன்றுகொள்ளும். கையால் தொட வேண்டியதில்லை. அடுத்த வீச்சு தயார். சில நிமிடங்களில் தளம் நிறைந்துவிடும். அல்லது கூட்டம் சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும்.

ஃப்ளோரிடாவிலும் பஹாமாஸிலும் இதே தந்திரம் செலவு மிகுந்த பொழுதுபோக்கு. கோழி இறகும் மான் மயிரும் கட்டிய முள்ளைச் சின்ன மீன் போலவோ இறால் போலவோ நீரில் ஆட்டி, பெரிய மீனை ஏமாற்றும் உப்புநீர் ஃப்ளை ஃபிஷிங். அங்கே மூங்கில் கழி போய்க் கண்ணாடி இழை வந்தது. அதுவும் போய் கிராஃபைட் வந்தது. இறகு கட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஜப்பானில் சூரை பிடிக்கும் முள்ளிலும் இறகு உண்டு. மினிக்கோய்க்குப் பளபளப்பே போதும். ஆனால் விளையாட்டுக்காரர் பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்பவும் கடலில் விட்டுவிடுவார். மினிக்கோய்க்காரருக்கு அது அடுப்பெரியும் விஷயம்.

இந்தத் தொழிலுக்குள் இயந்திரம் புகுந்தது 1960களில். அதுவரை பாயும் துடுப்பும் கொண்ட ‘மஸ் ஓடி’ படகுகள்தான். காற்று சம்மதித்த தூரம்தான் கடல். அரசின் மீன்வளத் துறை எஞ்சின் படகுகளை அறிமுகப்படுத்தியதும் தூரம் கூடியது, ஒரே நாளில் போய்த் திரும்புவது எளிதானது. மற்ற லட்சத்தீவுகளுக்கும் கழித் தூண்டில் பரவியது அப்போதுதான், கற்றுக்கொடுத்தது மினிக்கோய். 1969ல் தீவிலேயே சூரையை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை வந்தது. தண்ணீர் இறைக்கும் வேலையைச் சில படகுகளில் பம்பும் குழாயும் எடுத்துக்கொண்டன. பருத்தி வலை இருந்த இடத்தில் நைலான்.

மீனைத் தேடுவதும் மாறியது. கடல் மேல் வட்டமிடும் பறவைகளைப் பார்த்து, கீழே என்ன மீன் என்று சொல்லும் கண்கள் இன்றும் ஒவ்வொரு படகிலும் உண்டு. அவற்றுக்குத் துணையாக இப்போது ஜிபிஎஸ்ஸும் எதிரொலிக் கருவியும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் அளக்கும் கடல்மட்ட வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் வைத்து மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. கடலில் நங்கூரமிட்ட மிதவைகளின் நிழலிலும் சூரை கூடுகிறது. தேடி அலையும் டீசல் மிச்சம்.

ஆனால் பிடித்த பின் நடப்பது பெரும்பாலும் பழைய வழிதான். சூரையைத் துண்டு போட்டு, உப்பு நீரில் வேகவைத்து, தென்னை மட்டைப் புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டை போலக் காயவைத்தால் ‘மாஸ்’. தமிழ்நாட்டுச் சமையலறையில் இதற்குப் பெயர் மாசிக் கருவாடு. ஐந்து கிலோ மீன் சுண்டி ஏறத்தாழ ஒரு கிலோ மாசி ஆகிறது. வேகவைத்த நீரையும் வீணாக்குவதில்லை. அதைக் குழம்பாகச் சுண்டவைத்தால் ‘ரிஹாகுரு’. இந்த வேலையில் பெண்களின் கைதான் அதிகம். குளிர்பதன வசதி குறைந்த தீவுக்கு மாசிதான் குளிர்பெட்டி. இலங்கை வரை நீளும் அதன் சந்தை படுத்தால் தீவும் படுக்கும்.

இந்தக் கழித் தூண்டிலை உலகம் மெச்சுகிறது. ஒவ்வொரு மீனாகப் பிடிப்பதால் ஆமையும் சுறாவும் ஓங்கிலும் சிக்குவதில்லை. பக்கத்து மாலத்தீவின் கழித் தூண்டில் வரிச்சூரை, 2012ல் கடலைக் காக்கும் மீன்பிடிப்பு என்று சர்வதேசச் சான்று பெற்று மேல்நாட்டுக் கடைகளில் தனி மதிப்போடு விற்றது. அதே கழி, அதே கடல்; மினிக்கோய் மீனோ பெரும்பாலும் மாசியாகவே கரையேறுகிறது.

பலவீனம் எங்கே? லகூனில். ‘ஹொந்தெலி’, ‘ரெஹி’, ‘முகுரான்’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் இரை மீன்களில் சில மணல் பரப்பையும், சில பவளப் பாறைகளையும் நம்பி வாழ்பவை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி லட்சத்தீவின் பவளம் வெளுத்தது. 2024ல் மறுபடியும். அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் 24 ஆண்டுகள் நடந்த ஆய்வு, உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டதாகச் சொல்கிறது. பவளம் போனால் அதில் ஒண்டும் இரை மீனுக்கு வீடில்லை. இரை மீன் இல்லையென்றால் நடுக்கடலில் எவ்வளவு சூரை இருந்தாலும் படகு கரையில்தான்.

வெப்பம் மட்டுமே காரணமல்ல. படகுகள் பெருத்தன, தொட்டிகளும் பெருத்தன. ஒரு பயணத்துக்குத் தேவைப்படும் இரையும் கூடியது. முன்பு இரை பிடிக்கும் கை அளவாக இருந்ததற்கு நாகரிகம் மட்டும் காரணமில்லை, சின்னப் படகும் காரணம். எஞ்சின் அந்த அளவை அழித்துவிட்டது. இரவில் விளக்கொளியில் மீனைக் கூட்டி வாரும் முறை அடுத்த சோதனை. எல்.இ.டி. விளக்கு வைத்து மீன் பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு இந்தியக் கடல் எல்லையில் தடை செய்தது. தடையைக் காகிதத்திலிருந்து கடலுக்கு இறக்குவது வேறு வேலை.

மினிக்கோயில் இதற்கான ஏற்பாடு முன்பே இருந்தது. பத்துக்கு மேற்பட்ட கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூப்பன், பொதுவேலைக்கு ஊரே கூடும் பழக்கம். லகூனை எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு. அண்மை ஆண்டுகளில் பிடித்த மீனையும் செலவான இரையையும் மீனவர்களே குறிப்பேட்டில் எழுதிவைக்கும் முயற்சி சில தீவுகளில் நடந்திருக்கிறது. பழைய கட்டுப்பாட்டுக்குப் புதிய கணக்கு. கழியையும் எஞ்சினையும் சேர்ப்பது மினிக்கோய்க்கு எளிதாகவே இருந்தது. எஞ்சினையும் கட்டுப்பாட்டையும் சேர்ப்பதுதான் பாக்கி.

செயற்கைக்கோள் ஆயிரம் கிலோமீட்டர் கடலை ஒரே பார்வையில் அளந்துவிடும். லகூனில் இன்று ரெஹி இருக்கிறதா என்று பார்க்க, இன்னமும் ஓர் ஆள் தண்ணீரில் குதித்தாக வேண்டும்.