டிஸ்சார்ஜ் பதிவேட்டில் வராத கணக்கு

அரசு மருத்துவமனை ஒன்றில் பதிவேட்டுப் பிரிவு எழுத்தராக நான் பல வருஷம் குப்பை கொட்டியவன். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் எங்கள் மேஜைக்கு வரும். டாக்டர் எழுதிய நோயின் பெயருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குறியீட்டைப் போட்டு, கடைசிக் கட்டத்தில் 'குணமடைந்தார்', 'முன்னேற்றம்', 'இறந்தார்' என்று ஒன்றைக் குறித்து, கட்டி அடுக்க வேண்டும். குடல் காசநோய் என்றால் ஏ 18.3. க்ரோன் நோய் என்றால் கே 50. முதலாவது அடிக்கடி வரும். இரண்டாவது அபூர்வம்.

காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், 'மலாடி த க்ரோன்' என்று உச்சரித்துக் காட்டி நண்பர்களிடம் அலட்டிக்கொண்டதுண்டு. ஆனால் அந்த டாக்டர் பிரெஞ்சுக்காரர் அல்ல, அமெரிக்கர். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில அகர வரிசையில் க்ரோன் பெயர் முதலில் வந்ததால் நோயும் அவர் பெயரில் நின்றுவிட்டது. அவர்களுக்கு முன்பே, 1913-ல், கிளாஸ்கோ அறுவை மருத்துவர் டால்சியல் இதைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் விஷயத்தில் ஆபீஸ் சீனியாரிட்டி போலத்தான், யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது!

நம் ஊரில் இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. குடல் காசநோயும் க்ரோனும் பெரும்பாலும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனையில் வரும். இரண்டிலும் வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எடை குறைவு. குழாய் விட்டுப் பார்த்தாலும் இரண்டிலும் புண், சுருக்கம். சிகிச்சையோ நேர் எதிர். க்ரோனுக்கு ஸ்டீராய்டு கொடுத்து உடம்பின் எதிர்ப்பைக் குறைக்க வேண்டும். காசநோய்க்காரருக்கு அதைக் கொடுத்தால் கிருமி தலைவிரித்து ஆடும். க்ரோன்காரருக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தால் மாதங்கள் போகும், குடல் சுருங்கிக்கொண்டே வரும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1999-ல் 20 காசநோயாளிகள், 20 க்ரோன் நோயாளிகளின் குடல் சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு எழுதியது இந்த இடத்தில் முக்கியமானது. காசநோயில் கிரானுலோமா என்கிற சிறு முடிச்சுகள் பெரிதாகவும், ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கும். க்ரோனில் சின்னதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அப்படியும் பிடிபடாதவர்களுக்குக் காசநோய் மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து, மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறாவிட்டால் க்ரோனா என்று யோசிப்பார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான இராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் அக்காள் மகன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்க்கிறான். ஊர் உலகத்துக்கெல்லாம் புண்ணுக்குத் துணி நெய்கிறவனுக்குக் குடலுக்குள் புண். காசநோய் மாத்திரை ஆறு மாதமும் ஒழுங்காக விழுங்கினான். முதலில் கொஞ்சம் தெம்பு வந்தது, பிறகு பழைய கதை. மதுரையிலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏற்றி அழைத்துப்போனோம். முடிவு, க்ரோன். அதற்குள் குடல் சுருங்கிவிட்டதால் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதத்தில் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தான். "சித்தப்பா, வெட்டி எடுத்தாச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று கேட்டான். பீடியையும் விடவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'முன்னேற்றம்' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை ஆயிரக்கணக்கான தடவை எழுதியவன் நான். அன்றைய நிலைக்கு அது சரி. இருபது வருஷத்தை அது சொல்லாது. எங்கள் பதிவேடு அட்மிஷன்களை எண்ணும், ஆட்களை எண்ணாது. ஒரே மனிதர் ஐந்து முறை வந்து ஐந்து முறையும் முன்னேறிப் போயிருப்பார்.

ஆட்களைப் பின்தொடர்ந்த கணக்கு வேண்டுமென்றால், 1974 முதல் 2000 வரை பார்த்த 2,002 க்ரோன் நோயாளிகளைப் பற்றிப் பாரிஸ் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். அதன்படி இருபது ஆண்டுகளில் சுருக்கமோ, குடலைத் துளைக்கும் புண்ணோ வராமல் வெறும் அழற்சியோடு நிற்பவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். அவனை உட்கார வைத்து இதைச் சொன்னேன். வெட்டி ஒட்டிய இடத்திலேயே நோய் திரும்ப வரலாம் என்பதையும் சொன்னேன். கூடவே ஒரு நல்ல செய்தியும் பாரிஸிலிருந்தே: புகையை விட்டு ஒரு வருஷம் தாண்டியவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு, புகைக்காதவர்கள் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பீடி போனது. அஸதயோப்ரின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன.

இந்தியாவில் இந்த நோய் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 2012-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 1,159 குடல் அழற்சி நோயாளிகளில் 745 பேருக்கு அல்சரேடிவ் கொலைட்டிஸ், 409 பேருக்கு க்ரோன். இன்னும் இது வெள்ளைக்காரர் நோய் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பெண் பார்க்கும்போது "வயிற்று வலி, சரியாப் போச்சு" என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவன் சம்மதிக்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் ஃபைலையே நீட்டிவிட்டான். அவர் இரண்டு நாள் யோசித்தார். நான் போய், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1956 ஜூனில் இதே நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு நவம்பரில் தேர்தலில் ஜெயித்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிடலாமா, கூடாதா?" என்று கேட்டார். பால் ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் விட வேண்டியதுதான் என்றேன். கல்யாணம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

வீட்டில் யாருக்காவது குடல் காசநோய் என்று சொல்லி, மருந்துக்குப் பிறகும் வலி நின்றபாடில்லை என்றால், மறுபடி குழாய் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போடச் சொன்னால், அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். பழைய ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட் எதையும் எடைக்குப் போடாமல் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அதுதான் முதல் உதவி.