ஏகமனதாக

கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையின் நீர்ப்பரப்பு கண்ணில் பட்டதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் இந்தப் பாதையில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சு கனத்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத ஒரு மாணவனைக் காணப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளியின் விடுதியில் கல்வராயன் மலைப் பிள்ளைகள் சிலர் தங்கிப் படித்தனர். அவர்களுள் ஒருவன் அவன். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மாணவன். ஓராண்டு சாமை அறுவடைக்கென்று ஊருக்குப் போனவன் ஐந்து வாரம் கழித்தே திரும்பினான். தந்தை படுத்த படுக்கையாயிருந்ததால் அறுவடை அவன் தலையில் விழுந்திருந்தது. விடுதிக் குழு கூடியது. விதி விதிதான் என்றார் ஒருவர். இவனை விட்டால் எல்லாரும் இப்படியே செய்வார்கள் என்றார் மற்றொருவர். ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் நானும் இருந்தேன். அது தவறு என்று எனக்குத் தெரிந்தது. ஆறு பேருக்கு எதிரே ஒருவன் பேசி என்ன ஆகப்போகிறது என்று வாளாவிருந்துவிட்டேன். அவன் பெயரை நீக்குவதென்று 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' எனக் குறிப்பேட்டில் எழுதினார்கள். நானும் கையொப்பமிட்டேன். ஆண்டு 1988.

இப்போது அவர் ஐம்பதை நெருங்கும் குடியானவர். மரவள்ளிக் காட்டோரம் கட்டிலைப் போட்டு என்னை அமரச் செய்தார். மனைவி தேநீர் கொண்டுவந்தார். பழைய கதைகள் பேசினோம். அவருடைய பாட்டனார் ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி ஏர்பூட்டி உழுததைச் சொன்னார். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்களாக இம்மலை ஆளப்பட்டு வந்ததும், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த முறை ஒழிந்ததும் இன்று பலர் அறியாத செய்தி. பேச்சின் நடுவே, குற்றஞ்சாட்டும் தொனி சிறிதுமின்றி, அவர் கேட்டார்:

"சார், அன்னிக்கு அந்தக் கூட்டத்துல எனக்காக யாராச்சும் பேசினாங்களா?"

நான் விடை சொல்லவில்லை. அவரும் மறுமுறை கேட்கவில்லை.

மலையிறங்கி வந்த இரவில் இரண்டு எண்கள் நினைவில் வந்து நின்றன: 336, 59. 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒப்புதல் கோரும் தீர்மானம் ஜூலையில் மக்களவைக்கு வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 336 வாக்குகள், எதிராக 59. அந்த விவாதத்தில் எழுந்து எதிர்த்துப் பேசியவர்களுள் கும்பகோணம் தொகுதியின் உறுப்பினர் இரா. செழியனும் ஒருவர்.

அவரைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சிறிது சொல்லவேண்டும். நாவலர் நெடுஞ்செழியனின் இளவல். 1962இல் பெரம்பலூரிலிருந்தும், 1967இலும் 1971இலும் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். மேடை அதிரப் பேசுவோர் நிறைந்த இயக்கத்திலிருந்து வந்தவர். ஆயினும் அவருடைய வலிமை ஆவணங்களிலும் கணக்குகளிலும் இருந்தது. 1971 முதல் 1973 வரை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தார். அரசு செலவிட்ட பணம் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அதற்கே போய்ச் சேர்ந்ததா என்று தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு துருவிக் கேட்கும் குழு அது. 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கு வழங்கப்படும் மரபு இருந்து வருகிறது. ஆள்வோரின் பெட்டிச் சாவியை ஆளாதவரிடம் காட்டிக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு உயர்ந்த ஏற்பாடு!

அன்று மக்களவையில் எதிர்த்துப் பேசியோருக்குத் தோல்வி உறுதி என்பது தெரியும். தங்கள் பேச்சு வெளியே போகாது என்பதும் தெரியும். செய்தித்தாள்கள் தணிக்கையில் இருந்தன. நாடாளுமன்ற நடவடிக்கைகளை நேர்மையாக வெளியிடும் இதழ்களுக்குக் காப்பளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த டிசம்பரில் அவசரச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அச்சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்தி. நீக்கியது அவருடைய மனைவியார் இந்திராவின் அரசு. வரலாற்றின் கசப்பு சில வேளைகளில் இப்படித்தான் ஒரே வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே அன்று பேசியவர்களுக்குக் கைதட்ட வீதியில் ஆளில்லை. மறுநாள் நாளிதழில் பெயரில்லை. அவைக் குறிப்பு ஒன்றே அவர்களுக்குக் கேட்போர். அதற்காகவும் பேசினார்கள்.

இங்கே என்னை நானே மறித்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்தது 1975 அக்டோபரில். அது நாடாளுமன்றச் சட்டமானது 1976 பிப்ரவரியில். கல்வராயன் மலையின் ஜாகிர் முறை ஒழிந்ததும் அதே ஆண்டில். எல்லாம் அவசரநிலைக் காலம். தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட்டு, சட்டமன்றமே இல்லாத ஆண்டு அது. "இந்திரா அம்மா காலத்துலதான் எங்க தாத்தா தலை நிமிர்ந்தாரு" என்று என் மாணவர் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. வாய்கள் பூட்டப்பட்ட காலத்தில்தான் இந்த மலையின் விலங்கு கழன்றதென்றால், விவாதத்துக்கும் எதிர்க்குரலுக்கும் என்ன பயன்?

நெடுநேரம் இதைச் சிந்தித்தேன். கிடைத்த நன்மை நன்மையே, அதில் ஐயமில்லை. ஆனால் மலைமக்களைக் கலந்து பேசாமல் மேலிருந்து இறங்கிய நன்மை அது. எஞ்சியதைக் கேட்டுப் பெறும் குரலை அது அவர்களுக்குத் தரவில்லை. ஜாகிர் ஒழிந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்த வழக்கை எடுக்கவேண்டியிருந்தது. அதுவும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பின்னரே.

அந்தச் சாவுகளைப் பற்றிச் சட்டப் பேரவையில் எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டனர், வெளியேற்றப்பட்டனர், கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கமும் செய்யப்பட்டனர். யார் வெளியேற்றப்பட்டார் என்பது எங்கள் ஊராருக்கு நினைவிருக்கிறது. அவையில் என்ன கேட்கப்பட்டது, என்ன விடை வந்தது என்று விசாரித்துப் பார்த்தேன். சொல்ல வல்லார் ஒருவரும் இல்லை. கேட்பவருக்குப் பொறுமையும் கேட்கவிடுபவருக்குப் பெருந்தன்மையும் குறைந்தால் இழப்பு இருவருக்கும் அன்று, செத்தவன் வீட்டுக்கே.

பொறுமையாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் மலையிலேயே சான்று உண்டு. காட்டில் உழுது வாழும் பழங்குடியினருக்கு நில உரிமை வழங்க 2005இல் வந்த மசோதா, 1980 அக்டோபர் 25க்கு முன்பிருந்து உழுதவருக்கே உரிமை என்றது. அது இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குப் போனது. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து வரிவரியாகப் பேசினர். 2006இல் சட்டம் நிறைவேறியபோது அந்த நாள் 2005 டிசம்பர் 13 ஆகியிருந்தது. ஒரு தேதியை மாற்றியதுதான். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் பிறந்து, வளர்ந்து, ஏர்பிடித்திருப்பார்கள்!

செழியனின் கதையும் 59 என்ற எண்ணோடு முடியவில்லை. அவசரநிலையின் கொடுமைகளை விசாரித்த நீதிபதி ஷா ஆணையம் 1978இல் அறிக்கை அளித்தது. 1980இல் ஆட்சி மாறிய பின் அந்த அறிக்கையின் படிகள் காண்பதற்கே அரியனவாயின. தம்மிடம் காத்து வைத்திருந்த படியைக் கொண்டு, 2010இல், எண்பத்தேழாம் அகவையில், அதை முழுநூலாக வெளியிட்டார் அவர். 2017இல் மறைந்தார். அவையில் வாக்கெடுப்பில் தோற்ற மனிதர், மறதியிடம் தோற்க மறுத்துவிட்டார்.

எதிர்க்குரல் என்பது வெல்வதற்கான கருவி மட்டுமன்று என்று இப்போது உணர்கிறேன். பாதிக்கப்பட்டவன் பின்னொரு நாள் வந்து 'எனக்காக யாராவது பேசினார்களா?' என்று கேட்கும்போது, 'ஆம்' என்று சொல்ல ஒரு தாளாவது இருக்கவேண்டும். அந்த 59 பேர் இந்நாட்டுக்கு அப்படியொரு தாளை விட்டுச் சென்றனர். நான் ஓர் எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கு அதைக்கூட விட்டு வைக்கவில்லை.

இரண்டாம் முறை மலைக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "யாரும் பேசலப்பா. நானும் பேசல" என்றேன். அவர் சற்று நேரம் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றார்.

அண்மையில் நான் உறுப்பினராயிருக்கும் சிறு சங்கமொன்றின் கூட்டத்தில், வராத ஒருவரைப் பற்றி ஒரு முடிவெடுத்தார்கள். எழுந்து நின்று எனக்கு உடன்பாடில்லை என்றேன், காரணத்தைச் சொன்னேன், அதைக் குறிப்பேட்டில் எழுதுமாறு கேட்டேன். சிலர் முகம் சுளித்தனர். தீர்மானம் எளிதாக நிறைவேறியது. 'ஏகமனதாக' என்ற சொல் மட்டும் அதில் இல்லை.