அறைகளின் இணக்கம்

வீட்டை அழகுசெய்தல் பொருளுடையார் மேற்கொள்ளும் ஆடம்பரம் என்று எண்ணுவார் பலர். வேறு சிலர் அது மகளிர்க்கு மட்டும் உரிய வேலையென்று ஒதுக்கிவிடுவர். இவ்விரு கூற்றும் எமக்கு உடன்பாடு அல்ல. ஒரு வீட்டில் அறைகள் பலவாயிருக்கலாம். அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் எழுப்பப்பட்டும் இருக்கலாம். எனினும், வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர், ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குப் போகுங்கால், ஒரே வீட்டினுள் நடக்கின்றோம் என்னும் உணர்வு பெறுதல் வேண்டும். இவ்வுணர்வை உண்டாக்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. காணும் கண்ணும், சிறிது பொறுமையும் இருந்தாற் போதும். இதனை யாம் நன்கு அறிந்தது, எம் வீட்டை இடிப்பதா நிறுத்துவதா என்னும் வழக்கு எழுந்த காலத்திலேதான்.

எம் வீடு நாகர்கோவிலுக்கு அணித்தான ஓர் ஊரில் உள்ளது. பாட்டனார் கட்டிய முன்கட்டு, ஓட்டுக்கூரையும் அயனிமரத் தூண்களும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் உடையது. தார்சாவும் அரங்கும் அதில் அடங்கும். தந்தையார் அதன் பின்னே இரண்டு மச்சறைகள் எடுத்து, மொசைக்குத் தரை போட்டு, சுவர்களுக்கு வெளிர்பச்சை டிஸ்டம்பர் பூசுவித்தார். அவற்றிற்கும் அப்பால், வெளியூரில் அலுவல் பார்க்கும் எம் தமையனார் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் ஒரு பெரிய கூடம் கட்டினார். முகம் தெரியுமாறு மின்னும் ஓடுகள் பதித்த அக்கூடத்தின் ஒரு சுவர் ஊதா, ஏனையவை மஞ்சள். ஆகவே, தார்சாவினின்று கூடம்வரை நடந்தவர்க்கு மூன்று வீடுகளைக் கடந்துவந்தது போலத் தோன்றும். உறவினர் இதனைச் சொல்லி நகைப்பர். யாமும் உடன் நகைப்போம்.

சென்ற ஆண்டில் தந்தையார் காலமாயினார். அதன்பின் இது நகைத்து விடுதற்குரிய செய்தியாக இல்லை. தமையனார், முன்கட்டை இடித்து முழுவதையும் புதிதாக எழுப்புவதற்கு ஒரு வீட்டுப்படம் வரைவித்துக் கொணர்ந்தார். அவர் எண்ணம் நல்லதே; முதியவர் ஒருவர் வாழும் வீடு செப்பமாக இருத்தல் வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் அன்னையார்க்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி நலிவுற்றமையால், நேரே நோக்கும் பொருள் அவருக்கு மங்கிவிடும். ஓரப்பார்வையைக் கொண்டே நடமாடுகின்றார். அவ்வீட்டின் ஒவ்வொரு படியும் அவர் காலறியும். இடித்துக் கட்டும் காலமெல்லாம் அறியாத வாடகை வீடொன்றில் அவர் எங்ஙனம் நடமாடுவார்? "நான் போனபிறகு இடித்துக்கொள்ளுங்கள், மக்களே" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமையனார் நெடுநேரம் வாளாவிருந்து, "மூன்று துண்டாய்க் கிடக்கும் இவ்வீட்டை ஒன்றாக்க வேறு வழி இருக்குமானால் செய்து காட்டு" என்று கூறி, எமக்கு ஆறு திங்கள் தவணை கொடுத்தார்.

நிற்க. தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையை நம் மாணவரிற் பலர் கண்டிருப்பர். 1795-ஆம் ஆண்டில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர் வாழ்ந்த இடம் அது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும் அவ்வரண்மனை கேரள அரசின் பாதுகாப்பிலேயே இருந்து வருகின்றது. அதன் கட்டடங்கள் யாவும் ஒரே காலத்தன அல்ல. தாய்க்கொட்டாரம் மிகப் பழையது; உப்பரிகை மாளிகை 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் எழுந்தது; நவராத்திரி மண்டபமோ கருங்கல்லால் ஆகியது. ஆயினும் காண்பார்க்கு அஃது ஒரே மாளிகையாகத் தோன்றுகின்றது. என்னை? மரம், ஓடு, சுண்ணாம்புச் சுவர், கருமையாய் மின்னும் தரை ஆகிய சிலவே அங்கு மீண்டும் மீண்டும் வருகின்றன. அத்தரை சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் பிறவும் கலந்து இழைத்தது என்பர். மரத்தூண் இல்லாத அக்கல்மண்டபமும் தன் கருந்தரையினால் ஏனைய கட்டடங்களுக்கு உறவாகிவிடுகின்றது. ஒரு குடும்பத்தாரில் ஒருவர்க்கு மூக்கும் மற்றொருவர்க்கு நெற்றியும் ஒத்திருத்தல் போல, ஒவ்வோர் அறையிலும் ஏதேனும் ஒன்று ஒத்திருந்தாற் போதும். எல்லாம் ஒத்திருக்க வேண்டுவதில்லை.

இதனை மனத்திற் கொண்டு, எம் வீட்டில் மீண்டும் வரத்தக்கவை எவை என்று தேடினோம். தரைகளை மாற்றுதற்குப் பொருள் இல்லை. ஆதலின் அவை இருந்தவாறே இருத்தல் வேண்டும். எஞ்சியவை சுவர், மரம், துணி, விளக்கு. இவற்றுள் சுவரே எம்மை மிகவும் வருத்தியது.

வர்ணம் பூசுவோர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "எல்லாச் சுவரிலும் ஒரே வெள்ளை அடித்துவிட்டால் தீர்ந்தது" என்றார். எளிய வழிதான். அப்போது தார்சாவில் அமர்ந்திருந்த அன்னையார், "எல்லாம் ஒரே வெள்ளையாய் இருந்தால் நிலை எது, சுவர் எது என்று எனக்கு எப்படித் தெரியும், மக்களே?" என்று கேட்டார். வந்தவர் விடை கூறாது எம்மை நோக்கினார். அழகுசெய்வார் பலரும் கருதாதுவிடும் கேள்வி அது. அறைகள் ஒன்றோடொன்று இணங்குதலும் வேண்டும். ஒன்றின் எல்லை மற்றொன்றினின்று பிரித்தறியப்படுதலும் வேண்டும். கண் மருத்துவரும் முன்னரே இதனைச் சொல்லியிருந்தார்: படியின் விளிம்பும் கதவின் நிலையும் சுவரினின்று வேறுபட்டுத் தெரிதல் வேண்டும், விளக்கு போதியதாக இருத்தல் வேண்டும், கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பு ஆகாது என்பன அவர் கூறியவை.

வெள்ளை என்பதும் ஒன்றன்று. முன்கட்டின் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பது எங்கள் வழக்கமாதலால், அது குளிர்ந்த வெண்மை. கடையில் விற்கும் வெள்ளைகளோ, சில மஞ்சள் சார்ந்தவை, சில சாம்பல் சார்ந்தவை. தனித்தனியே காணும்போது எல்லாம் வெள்ளையே. ஒரு நிலையின் வழியே இரண்டையும் சேர்த்துக் காணும்போது ஒன்று அழுக்காகத் தோன்றும்.

இதன் காரணத்தை விளக்கியவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர். கொழுப்பையும் சவர்க்காரத்தையும் ஆராய்ந்து புகழ்பெற்ற இவர், 1824-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கோபலின் நெசவுச்சாலையில் சாயப்பகுதிக்குத் தலைவரானார். நீலத்திற்கும் ஊதாவிற்கும் இடையே நெய்யப்படும் கருநூல் வெளுத்துக் காண்கிறதென்று அங்கே குறை கூறினர். செவ்ரல் அச்சாயத்தைச் சோதித்து, அதில் குற்றமில்லை என்று கண்டார். அண்டையிலுள்ள நிறமே கருமையைக் கெடுத்துக் காட்டியது. தம் ஆராய்ச்சியை 1839-இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். (1786-இல் பிறந்த இவர் 1889 வரை, நூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது நம் மாணவர்க்கு உவப்பளிக்கும் வேறொரு செய்தி.) ஒரு நிறம் எத்தகையது என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்தே முடிவு செய்கின்றது. ஆகவே கடையிலுள்ள சிறு அட்டையைப் பார்த்து நிறம் தெரிந்தெடுத்தல் வீண் வேலை. சுவரிலேயே ஓர் அடிச் சதுரம் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கொளியிலும் பார்த்தே துணிதல் வேண்டும். அவ்வாறு பார்க்குமிடமும் அறையின் நடுவன்று, நிலைப்படியே. அங்கு நின்றால்தான் இரண்டு அறைகள் ஒருசேரக் கண்ணிற்படும்.

யாம் அரங்கின் நிலைப்படியில் நின்று பார்த்தோம். முன்னே சிவப்புத் தரை. அதற்கப்பால் தந்தையார் பூசுவித்த வெளிர்பச்சை. சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று மிகுத்துக் காட்டுவன. வீடு அவ்விடத்தில் இரண்டாக வெட்டுண்டது போலத் தோன்றியதன் காரணம் அப்போதே விளங்கிற்று. ஆனால் அப்பச்சை தந்தையார் தெரிந்தெடுத்தது. அதனை அழித்துவிட எங்களுள் எவர்க்கும் மனம் வரவில்லை. அன்னையாரிடம் கேட்கவும் துணியவில்லை. இறுதியில், தார்சாப் பக்கத்தினின்று கண்ணிற்படும் முதல் அறையை மட்டும் மாற்றி, அவர் படித்துக்கொண்டிருந்த உள்ளறையைப் பச்சையாகவே விட்டோம். அங்கிருந்து பார்த்தால் சிவப்புத் தரை தெரியாது. பச்சை அமைதியாக இருக்கின்றது. கூடத்திலுள்ள நூற்பேழையின் உட்பலகைக்கும் அதே பச்சையைப் பூசினோம். கூடத்தின் ஊதாவைப் பொறுத்தவரை எவரும் வருந்தவில்லை. தமையனாரே அதனைத் தொலைபேசியில் கைவிட்டார்.

சுவர்களுக்கு இளமஞ்சள் சார்ந்த வெண்மை ஒன்றைத் துணிந்தோம். முன்கட்டில் சுண்ணாம்போடு சிறிது மஞ்சட்காவி சேர்த்து அந்நிறத்தை வருவித்தோம். பின்கட்டில் முன்னமே பெயிண்டு பூசிய சுவரில் சுண்ணாம்பு பற்றாது உதிருமாதலால், அதற்கு ஒத்த பெயிண்டையே பூச நேர்ந்தது.

மரமே எமக்குப் பெருந்துணை ஆயிற்று. முன்கட்டு நிலைகள் எண்ணெயும் காலமும் ஏறிக் கருத்திருந்தன. பின்கட்டு நிலைகளையும் கூடத்துக் கதவுகளையும் அதே கருமைக்குக் கொணர்ந்தோம். வெண்சுவரில் கருநிலை வீடெங்கும் திரும்பத் திரும்ப வருதலால் அறைகள் இணங்கின. அன்னையார்க்கோ ஒவ்வொரு வாயிலும் தெளிவாகத் தெரியலாயிற்று. ஒரே செயலால் இரண்டும் கைகூடும் என்று யாம் முன்னர் எண்ணியதில்லை. படிகளின் விளிம்பில் மூன்று விரல் அகலத்திற்குத் தரைச்சிவப்பையே தீட்டினோம். மொசைக்குத் தரையிலும் மின்னும் தரையிலும் அச்சிவப்பு வந்து சேர்ந்தமையால், பாட்டனார் கட்டின் உறவு கூடம்வரை நீண்டது.

பத்தமடைப் பாய்கள் நான்கு வாங்கினோம். கோரையின் நடுவே சிவப்புக் கோடு ஓடும் அவை தரைகளை இணைக்குமென்பது எண்ணம். பாய் தடுக்கி முதியவர் விழுதல் கூடுமாதலால், நடக்குமிடத்தில் இடாது, விசிப்பலகைகளின்மேல் விரித்தோம். திரைச்சீலைகள் எல்லாவற்றையும் ஒரே கைத்தறித் துணியில் தைப்பித்து, சன்னல்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்தபோதிலும், திரைக்கழிகளை நிலைகளின் உயரத்திற்கு ஒரே கோட்டில் மாட்டினோம். மேற்கு வெயில் கூடத்துத் தரையிற் பட்டுக் கண் கூசுவதும் அதனால் தணிந்தது.

விளக்கைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். எம் வீட்டில் ஓர் அறையில் நீலஞ்சார்ந்த வெள்ளொளியும், அடுத்த அறையில் மஞ்சளொளியும் இருந்தன. எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் கெல்வின் என்னும் அளவு குறித்திருக்கும். 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள் சார்ந்தது, 6500 என்றால் நீலஞ்சார்ந்தது. வீடு முழுவதும் ஒரே எண்ணுள்ள விளக்குகளை இட்டாலன்றிச் சுவரின் நிறம் ஒத்திராது. யாம் எங்கும் 3000 இட்டு, அன்னையாரின் வசதிக்காக விளக்குகளின் எண்ணிக்கையை மிகுத்தோம். விடுதியில் ஓர் அறையில் மூவராய் வாழும் நம் மாணவர், வேறொன்றும் செய்ய இயலாவிடினும், படுக்கை விரிப்பை ஒரே நிறமாக்கி, பெட்டிகளை ஒரே சுவரோரம் நிறுத்திப் பார்க்கலாம். செலவு மிகச் சிறிது.

புதிய நாற்காலி ஒன்றும் வாங்கவில்லை. இருந்தவற்றை இடம் மாற்றினோம். தார்சாவில் நெருக்கியிருந்த மூன்று விசிப்பலகைகளுள் ஒன்று கூடத்திற்குச் சென்றது; தந்தையாரின் சாய்வுநாற்காலியும் அங்கே சென்றது. பழைய கட்டிலிருந்து ஒன்று புதிய கட்டிலும், புதியதிலிருந்து ஒன்று பழையதிலும் இருக்குமாறு செய்தால் இரண்டும் அயல்போல் தோன்றா. கூடத்துக் கண்ணாடிப் பேழையைத் தார்சாவில் வைக்க முயன்று, அது எவ்வகையிலும் இணங்காமையால் திரும்பக் கொணர்ந்தோம். இன்னமும் அது கூடத்தின் மூலையில் ஒரு விருந்தினரைப் போலவே நிற்கின்றது.

தவணை முடியுமுன் தமையனார் வந்தார். தார்சாவினின்று கூடம்வரை நடந்து, திரும்ப நடந்து, பின் தந்தையாரின் நாற்காலியில் அமர்ந்தார். அன்னையார் கைத்தாங்கலின்றி அடுக்களையிலிருந்து அரங்கைக் கடந்து அவரிடம் தேநீர் கொணர்ந்தார். அவர் அதனைப் பருகிவிட்டு, முன்கட்டு ஓடுகளுள் எத்தனை உடைந்துள்ளன என்று வினவினார். மழைக்குமுன் அவற்றை மாற்றுவதற்குப் பணம் அனுப்பினார். வீட்டுப்படத்தை அவர் இன்னும் கிழித்தெறியவில்லை. அடுத்த விடுமுறையில் வரும்போது அடுக்களையைப் பற்றிப் பேசவேண்டுமென்று எழுதியிருக்கின்றார்.